ரோரி வீட்டுத் துக்கம்

ஆகஸ்ட் 11, வெள்ளி

ரோரி பென்ஹாலிகன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் மாவுக் கடைக்காரர். கோமளா இட்லி மாவு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைக்காரர் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, அதை விடாமல் பிடித்துக்கொண்டு, "சார், உங்க ரோரி போயிட்டாராமே" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் புரிந்தது. இந்தோனேசியாவில் படப்பிடிப்பு. ராஜநாகம் கடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினோரு வருடமாக 'காட்டுக்குள்ளே ரோரி' நிகழ்ச்சிக்குத் தமிழ்க் குரல் நான்தான். அவர் நியூசிலாந்துக்காரர். பாம்பே இல்லாத நாட்டில் பிறந்து, பாம்பைத் தேடி உலகமெல்லாம் அலைந்த மனிதர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனில் அவர் ஆங்கிலத்தில் பேசுவார். நான் திரையில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசுவேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்குவேன். உறவு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

வருத்தமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முதலில் வந்தது வேலை போய்விடுமோ என்ற கவலை. வேறு எதுவும் தோன்றவில்லை. சாயங்காலத்துக்கு மேல் பேசக் கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லியிருப்பதால் வழக்கம்போல இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன். மாவு கொஞ்சம் புளித்திருந்தது.

ஆகஸ்ட் 12, சனி

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் முளைத்துவிட்டது. ரோரி முதலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே வரிசையாக ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களின் படங்கள், கூலிங் கிளாஸோடு. அவர்கள் முகமெல்லாம் ரோரியின் முகத்தைவிடப் பெரிது. தோற்றம், மறைவு என்று தேதி போட்டு, மேலே 'பாம்புகளின் பங்காளியே' என்று எழுதியிருக்கிறார்கள். யார் எழுதியதோ, சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து அவர் செய்தது சரியா தப்பா என்று அடித்துக்கொண்டார்கள். ஒரு ஜோசியர் அவருக்கு நாகதோஷம் என்றார். பிறந்த நேரம் எங்கே கிடைத்ததென்று யாரும் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ரோரி போன பிறவியில் கொல்லிமலையில் சித்தராக இருந்தாராம். என் மைத்துனன் அதை எனக்கே அனுப்பிவைத்தான்.

மதியம் சேனலிலிருந்து அனுபமா பேசினார். தமிழ் டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிற பெண், நல்ல மாதிரி. ரோரி கடைசியாக எடுத்து முடித்த எபிசோடை இருபத்தேழாம் தேதி அஞ்சலியாக ஒளிபரப்பப் போகிறார்கள். இருபத்துமூன்றாம் தேதி நான் டப்பிங் பேச வேண்டும். அதற்குப் பிறகு குழந்தைகளுக்காக 'குட்டி ரோரி' என்று கார்ட்டூன் வருகிறது. அதற்கும் நான்தான் குரல், ஐந்து வருடத்துக்கு. ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் குரல் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே எங்கேயும், யார் கேட்டாலும், ரோரி குரலில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நான் அதைப் படித்துப் பார்த்ததில்லை. சரி என்றேன்.

ஐம்பத்தாறு வயதில் ஐந்து வருடத்துக்கு வேலை. கோமளா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். யாருக்காக என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஏதோ ஒரு இணையப் பத்திரிகை என் படத்தைப் போட்டு, 'ரோரியின் தமிழ்க் குரல் சாலிகிராமத்தில் வசிக்கிறது' என்று எழுதிவிட்டது. காலையில் பூந்தமல்லியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கோமளா கதவைத் திறந்து "வாங்க" என்றாள். அவர்கள் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவர்கள் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. துக்க வீட்டில் வாங்க என்று சொல்லக் கூடாது. கோமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அந்த அம்மாள், "கடைசியா எப்பங்க அவரோட பேசினீங்க?" என்று கேட்டார்.

நான் அவரோடு ஒருநாளும் பேசியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. போன மாதம் பதினெட்டாம் தேதி என்றேன். கடைசியாக ரெக்கார்டிங் நடந்த நாள். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது இருவரும் போயிட்டு வரோம் என்று சொல்லவில்லை. முறைப்படி அப்படியே எழுந்து போனார்கள்.

இருட்டுவதற்குள் எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். கோமளா கீழ் வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினாள். இப்போது யாருக்கும் அவள் வாங்க என்று சொல்வதில்லை. கதவைத் திறந்து ஒதுங்கி நிற்கிறாள். காபி போட்டுக் கொடுத்தால் யாரும் தொடுவதில்லை. துக்க வீட்டில் கை நனைக்க மாட்டார்களாம். ஆறிப்போன காபியை நானே குடித்தேன். தூக்கம் வரவில்லை என்றால் அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வந்தவர்கள் எல்லாருக்கும் என் சொந்தக் குரல் ஏமாற்றமாக இருக்கிறது. முகத்திலேயே தெரிகிறது. ரோரி குரல் உச்சத்தில், மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டே ஓடும். என் குரல் கூட்டுறவு வங்கியில் பாஸ்புக் பதிந்து கொடுப்பவர் குரல் மாதிரி என்று கோமளாவே சொல்லியிருக்கிறாள். ஒருவர் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு தடவை 'கிட்ட போய்ப் பாப்போமா தம்பி' என்று சொல்ல முடியுமா என்றார். ரோரி எந்த மிருகத்தைப் பார்த்தாலும் சொல்கிற வசனம் அது. முடியாது, சேனலில் கட்டுப்பாடு என்றேன். ரொம்ப மனசு கஷ்டத்துல இருக்காரு, விடு என்று அவர் மனைவி அவரை அதட்டினாள்.

மனசு கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை. எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது மாற்றிச் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 16, புதன்

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஆறு பேர் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். 'ரோரி பேரவை' என்று ஒரே மாதிரி பனியன். தலைவன் பெயர் தணிகைவேல், இருபத்தைந்து வயது இருக்கும், டிராக்டர் ஓட்டுகிறான். சின்ன வயதில் இவனுக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடுமாம். ரோரியைப் பார்த்துப் பார்த்துத்தான் பயம் போனதாம். நல்ல விஷயம்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான்.

அவர்கள் ஊர் பேனர். ரோரி படம், மாலை. பேனர் கட்டிய சவுக்குக் கம்பில் இரண்டு பாம்புகள், தலை நசுங்கித் தொங்கின. அண்ணனுக்குப் படையல் என்றான். பழிக்குப் பழி.

இது நாகமில்லை, சாரை, விஷமே கிடையாது என்றேன். தெரியும் சார் என்றான். சாரைதான் நாகத்துக்குப் புருஷன். பொண்டாட்டி இந்தோனேசியாவில் மாட்டாமல் தப்பித்துவிட்டது, புருஷன் இங்கே இருக்கிறான். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

அப்படி ஒரு சங்கதியே இல்லை, சாரை வேறு சாதி, ராஜநாகம் சாரையைப் பிடித்துத் தின்னும், நீங்கள் பழி வாங்கியது அதன் சாப்பாட்டை என்று சொன்னேன். இதையெல்லாம் ரோரி குரலில் நானே பேசியிருக்கிறேன். பன்னிரண்டாவது எபிசோடோ என்னவோ. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியடில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம். தணிகைவேல்தான் சொன்னான்: "அண்ணன் சொல்லியிருந்தா வேற சார். சொல்றது நீங்கதானே."

என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மிக்ஸி ரிப்பேர். கடையில் கொடுத்திருக்கிறது. விசாரிக்க வந்தவர்கள் நான்கு பேர். அறிமுகமில்லாத நம்பர்களிலிருந்து பாம்பு வீடியோ ஒன்பது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வீடியோ வருவது நிற்கவில்லை. தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, எது அகப்பட்டாலும் அடித்து, ரோரி படத்துக்கு முன்னால் போட்டு, எனக்கு அனுப்புகிறார்கள். வேறு யாருக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 'அண்ணனுக்குச் சமர்ப்பணம்' என்று ஒன்றில் எழுதியிருந்தது. பாம்புகளை அடிக்க வேண்டாமென்று வனத்துறை கேட்டுக்கொண்டதாகப் பேப்பரில் ஆறாம் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி.

அனுபமாவிடம் சொன்னேன். சேனலே ஒரு வேண்டுகோள் போடலாமே, நான் பேசித் தருகிறேன் என்றேன். மேலே கேட்டுவிட்டு வந்து, சர்ச்சையில் இறங்க வேண்டாம் என்று முடிவாம் என்றார். நீங்களும் தயவுசெய்து எதுவும் பேசிவிடாதீர்கள் சார், கார்ட்டூன் கையெழுத்தாகிற நேரம் என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

பாம்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

வீடியோக்களை அழித்தேன். ஒன்று மட்டும் அழிவேனா என்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தணிகைவேல் போன் செய்தான். இன்று அவர்கள் ஊரில் அண்ணனுக்குக் கருமாதியாம். மைக் செட் வைத்து, ஊருக்கே சாப்பாடு போடுகிறார்களாம். அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் கொட்டகைக்குள் பெரிய பாம்பு ஒன்று மாட்டிக்கொண்டது. கதவை வெளியே பூட்டிவிட்டார்கள். ஊரே கம்போடு சுற்றி நிற்கிறது. போனை மைக்குக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், நீங்க அண்ணன் குரல்ல 'கிட்ட போய்ப் பாப்போமா தம்பி'ன்னு ஒரு தடவ சொல்லுங்க சார், சொன்னதும் கதவைத் திறந்து முடித்துவிடுவோம் என்றான். இதைவிடப் பெரிய மரியாதை அண்ணனுக்கு இல்லை என்றான். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை.

வேண்டாமப்பா, விட்டுவிடுங்கள் என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் போய் எனக்கே திரும்பிக் கேட்டது, வங்கி கவுண்டர் குரல். யார் பேசுவது என்று அங்கே யாரோ கேட்டார்கள். வேறு யாரோ, சத்தமே வரலையே, போனை நல்லா வையிடா என்றார்கள். கதவில் கம்பால் தட்டுகிற சத்தம்.

கோமளா அரிவாள்மனையில் அரிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பேச வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பேசு என்றும் சொல்லவில்லை.

நான் எழுந்து நின்றேன். ரோரிக்கு நின்றுகொண்டுதான் பேச முடியும். உட்கார்ந்தால் அந்த மூச்சு வராது.

"டேய் தம்பிங்களா, ரோரி பேசறேன்டா."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் இரைச்சல் மட்டும்.

"கம்பக் கீழ போடுங்க. எல்லாரும். அது மேல ஒரு தப்பும் இல்லடா. அது பாட்டுக்கு இருந்துச்சு. நான்தான் போனேன். ரொம்பக் கிட்ட போயிட்டேன். அது பயந்துச்சு, கடிச்சுது, நான் செத்துட்டேன். அவ்ளோதான்டா நடந்தது. அதுக்குப் போய் இங்க இருக்கறவன ஏன்டா அடிக்கறீங்க? கதவத் தொறந்துட்டுத் தள்ளி நில்லுங்க. அவன் பாட்டுக்குப் போவட்டும்."

'நான் செத்துட்டேன்' என்று சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் குரல் அதைத்தான் சொன்னது. சொன்ன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டேன். பேசும்போது காற்று பற்றாமல் போனதால் இருக்கும்.

யாரோ ஒரு பெண் அழுதாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிறகு தணிகைவேல் மெதுவாக, "போயிடுச்சிண்ணே. கழனிக்குள்ள எறங்கிடுச்சு" என்றான். இதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"நீ அங்க நல்லா இருக்கியாண்ணே?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டேன். சாம்பாரில் பாதி வெங்காயம்தான் விழுந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். மோட்டார் கொட்டகை, கூட்டம், ஸ்பீக்கரில் நான். லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள் என்று மைத்துனன் சொன்னான். கீழே வந்த கருத்துகளில் பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள். மீதிப் பேர், செத்தவர் குரலில் மிமிக்ரி செய்து விளம்பரம் தேடுகிறான், நன்றி கெட்டவன் என்று திட்டியிருக்கிறார்கள். ஒருவர் என் சாதியைக் கேட்டிருக்கிறார். பாம்பு வீடியோ இன்று ஒன்றும் வரவில்லை.

மதியம் அனுபமா பேசினார். சட்டப் பிரிவிலிருந்து கடிதம் வருமாம். இருபத்துமூன்றாம் தேதி ரெக்கார்டிங் ரத்து. கார்ட்டூனுக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீடியோவைப் பார்த்து அவர் அம்மா அழுததாகவும் சொன்னார். நான் என்ன சார் பண்ண முடியும் என்றார். நீங்கள் ஒன்றும் பண்ண முடியாது என்றேன். உண்மைதான்.

கோமளா நாள் முழுக்கப் பேசவில்லை. பாத்திரம் மட்டும் பேசியது. படுக்கும் முன் சொன்னாள்: "அஞ்சு வருஷ வேலை. கழனில போற ஒரு பாம்புக்காக." விளக்கை அணைத்த பிறகு, "நல்லாத்தான் பேசினீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஊதுபத்தி விளம்பரம் ஒன்று கிடைத்தது. தாத்தா குரல், இரண்டு வரி. மிக்ஸி வந்துவிட்டது. விசாரிக்க யாரும் வருவதில்லை; நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

குளிக்கும்போது ரோரி குரலை எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. இனி தேவையும் இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அஞ்சலி நிகழ்ச்சி. பார்க்க வேண்டாமென்றுதான் இருந்தேன். கோமளாதான் போட்டாள்.

வேறு குரல் தேடி முடிக்க நாள் போதவில்லை போலிருக்கிறது. டப்பிங்கே செய்யவில்லை. ரோரியின் ஆங்கிலத்தை அப்படியே விட்டு, கீழே தமிழில் எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கோமளா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இவர் இவ்வளவு மெதுவாகவா பேசுவார் என்றாள். ஆமாம். அவர் எப்போதும் இப்படித்தான். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போல. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். இது எடுபடாது, சத்தமா, ஜாலியா பேசுங்க என்று சேனலில் சொன்னார்கள். அதன்பிறகு தமிழில் அவர் கத்த ஆரம்பித்தார். தமிழ்நாடு முழுக்க அவர் கத்துவதைத்தான் கேட்டது.

நிகழ்ச்சி பாதிகூட ஆகவில்லை, போன் வர ஆரம்பித்துவிட்டது. மைத்துனன் ஏதோ கோளாறு என்றான். மாவுக் கடைக்காரர் என்ன சார் இது, யாரையோ போட்டு ஏமாத்தறாங்க என்றார். தணிகைவேலும் பேசினான். கொதித்துப்போயிருந்தான். "இது அண்ணன் குரலே இல்ல சார். கடைசி நாள்ல போய் வேற எவனையோ பேச விட்டிருக்கானுங்க. நீங்க கேஸ் போடுங்க, நாங்க வரோம்" என்றான்.

"அதுதான் தம்பி அவர் குரல்" என்றேன். அவன் நம்பவில்லை. பாவம் சார் நீங்க என்று சொல்லி வைத்துவிட்டான்.

போனை அணைத்துப் போட்டேன். திரையில் ஆற்றங்கரை, மழை. ரோரி தாளிப்பனை இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. வராட்டிப் பரவாயில்லை, இது அவங்க இடம், நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று கேமராக்காரரிடம் சொல்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூக்கால் லேசாக ஒரு மூச்சு இழுப்பார். அவர் இழுத்தபோதெல்லாம் நானும் இழுத்துக்கொண்டிருந்தேன். கோமளா என் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

ஊர் ஊராகப் பேனர் கட்டி அழுதவர்கள் யாரும் இந்தக் குரலைக் கேட்டதில்லை. அவர்களுடைய ரோரி வேறு. இந்தக் குரல் பதினோரு வருடம் என் காதுக்குள் மட்டும் பேசியது. இது போனதில் இந்த ஊரில் துக்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கோமளா எதிரிலேயே வாய்விட்டு அழுதேன்.

அவள் எழுந்து டிவியை அணைக்கப் போனாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.